வலி கேட்டு ஒரு துஆ

என் கையைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்காதவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். மீன்காரம்மாவுக்குக் கொதிக்கிற எண்ணெய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அடுப்பு. துருவித் துருவிக் கேட்ட ஒருத்தியிடம் முதலை கடித்துவிட்டது என்றே சொன்னேன். கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதால் அவள் நம்பியும்விட்டாள், பாவம். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்து வீட்டிலேயே சோப்பு, அதான் சவுக்காரம், போட ஆரம்பித்த பெண்கள் சிதம்பரத்தில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் மைமூன். என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமியாரும் கொழுந்தன் சலீமும்தான். பொழுது போக வேண்டுமே என்று மாதர் சங்கத்து வகுப்பில் சேர்ந்து சவுக்காரம் போடக் கற்றுக்கொண்டேன். தேங்காயெண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, அவ்வளவுதான். காஸ்டிக் என்பது வெள்ளை வெள்ளையாகச் சில்லு மாதிரி டின்னில் வரும். பார்த்தால் கல்கண்டு என்று சொல்லலாம். அதைக் கையால் தொடாதீர்கள் என்று வகுப்பில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அது ஐப்பசி மாதம். அடைமழை. டின்னுக்குள் ஈரம் புகுந்து சில்லெல்லாம் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டது. கரண்டிக் காம்பால் குத்தினேன், அசையவில்லை. அரிசி களைந்த ஈரக்கையோடு உள்ளே விட்டு நாலு கட்டியைப் பெயர்த்தெடுத்தேன். சுரீர் என்று ஒன்றும் சுடவில்லை. கை வழுவழு என்று இருந்தது. சவுக்காரம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வழுவழுப்போடு கால் மணி நேரம் வேலை பார்த்தேன். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்து, இந்தத் தடவை பதம் நன்றாக வரும் போலிருக்கிறதே என்று சந்தோஷம் வேறு பட்டேன்.

சவுக்காரம் என்ன, என் தோலில் இருந்த கொழுப்புதான் சவுக்காரமாக மாறிக்கொண்டிருந்தது. பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். திராவகம் பட்டால் உடனே எரியும், நாம் கையை உதறிவிடுவோம். காஸ்டிக் மாதிரிக் காரம் அப்படி இல்லை. சத்தம் போடாமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

எரிச்சல் தொடங்கியதும் தொட்டித் தண்ணீருக்கு ஓடினேன். மாமி பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "தண்ணி படக்கூடாது புள்ள, கொப்பளிச்சிரும்" என்றார். தீக்காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று எங்கள் தெருவில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு என்று பார்த்து, சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காக மாமி ஒரு சட்டி நிறைய மருதாணி அரைத்து வைத்திருந்தார். மருதாணி குளிர்ச்சி. மாமியின் மருதாணி என்றால் ஊரே கைநீட்டும். அதை அப்படியே அள்ளி என் வலதுகையில் மணிக்கட்டு வரை கனமாக அப்பினார். மேலே வெற்றிலையை வைத்துத் துணியால் கட்டினார். ஓதி ஊதவும் செய்தார். ஜில்லென்று இருந்தது. நானும் சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் மாமியை வாழ்த்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சலீம் கடையிலிருந்து வந்தான். கட்டைப் பிரித்துப் பார்த்தவன் அப்போதே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். மாமியும் வெள்ளைத்துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் வயசானவர், கோபக்காரர். என் கையைப் பிடித்து நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோனார். மருதாணியை வழித்து எறிந்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். மோதிரவிரலில் மச்சான் போட்ட மோதிரம் வீக்கத்தில் புதைந்து கிடந்தது. காரத் தண்ணீர் மோதிரத்துக்கு அடியில் தேங்கி நிற்கிறது என்று சொல்லி, கம்பவுண்டரை விட்டு அதை வெட்டி எடுக்கச் சொன்னார். அப்புறம் ஒரு சின்னச் சிவப்புக் காகிதத்தை என் ஈரத்தோலில் ஒட்டினார். காகிதம் கண்ணெதிரே நீலமாயிற்று. நீலமானால் காரம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமாம். காகிதம் சிவப்பாகவே நிற்கிற வரை தண்ணீரை நிறுத்தக் கூடாதாம். சலீம் காலேஜில் ஒரு வருஷம் ரசாயனம் படித்தவன், எலுமிச்சம்பழம் பிழிந்தால் காரம் முறியாதா என்று கேட்டான். முறியும், முறிகிற சூட்டில் கையும் வெந்துபோகும், நீ சும்மா நில் என்றார் டாக்டர்.

நல்ல மழைநாளில் குழாய்த் தண்ணீரும் வானத்துத் தண்ணீரும் சேர்ந்து சத்தம் போட, நான் ஒரு மணி நேரம் அங்கே நின்றேன். காகிதம் நீலமாவதும், இன்னொன்று வைப்பதும், அதுவும் நீலமாவதுமாக இருந்தது. அப்போதிலிருந்தே எனக்கு எல்லாம் கனவு மாதிரி ஆகிவிட்டது.

"மருதாணிய யாரு வச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

மாமி துப்பட்டியை இன்னும் இழுத்துப் போர்த்துக்கொண்டார். "இவுங்கதான்" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு மாமியிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபம்தான், வேறென்ன. என் முட்டாள்தனம் கால் மணி, அவருடைய முட்டாள்தனம் ஒரு மணி என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

கடலூருக்குக் கொண்டுபோங்கள், வழி பூராவும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலீம் ஒரு பிளஷர் கார் பிடித்து வந்தான். காருக்குள் இரண்டு குடம் தண்ணீர், ஒரு வாளி, ஒரு குவளை. வாளிக்கு மேலே என் கையை நீட்டிக்கொண்டேன். குவளையால் மொண்டு மொண்டு ஊற்றியது மாமி. தண்ணீர் படக்கூடாது என்று என்னை இழுத்த அதே கை. கார் ஆடுகிற ஆட்டத்தில் பாதித் தண்ணீர் அவர் மடியில் விழுந்தது. வெள்ளாறு தாண்டினோம். இரண்டு பக்கமும் வயல் முழுக்கத் தண்ணீர், வானத்தில் தண்ணீர், காருக்குள் தண்ணீர். புதுச்சத்திரத்தில் குடத்தை நிரப்ப நிறுத்தியபோது, சலீம் பம்பு அடிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. மாமி அந்த இரண்டு நிமிஷமும் நிறுத்தவில்லை. வாளியில் கிடந்த தண்ணீரையே மொண்டு ஊற்றப் பார்த்தார். அது காரத் தண்ணீர், ஊற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நான் பேசவில்லை, கையை மட்டும் இழுத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது.

மஞ்சக்குப்பத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்ததும் மறுபடி தண்ணீர். சிவப்புக் காகிதம் சிவப்பாகவே நின்ற பிறகுதான் கட்டிலுக்கு விட்டார்கள். டெட்டனஸ் ஜன்னிக்கு ஊசி, புண் சீழ் பிடிக்காமல் இருக்கப் பென்சிலின் ஊசி, வலிக்கு ஓர் ஊசி. வாசலின் தடவிய வலைத்துணியைக் கையில் போர்த்தி, வீக்கம் வடிய வேண்டும் என்று கம்பத்தில் தூக்கிக் கட்டினார்கள். நாள் பூராவும் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கைதூக்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தேன்.

அறுவை டாக்டர் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுவார். மறுநாள் வந்து கையைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், விளக்கில் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

காயத்தின் ஆழத்தை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். ரோஜா நிறமாக இருந்து, அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி சிவந்தால், தோல் உயிரோடு இருக்கிறது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ தோல்செருப்பு மாதிரி இருந்தால் செத்துவிட்டது. ஆனால் என் கையில் ரோஜாவுமில்லை வெள்ளையுமில்லை. மணிக்கட்டு வரை மருதாணி. அதுவும் மாமியின் மருதாணி, லேசில் போகிற சரக்கா? செத்த தோலில் அது இன்னும் நன்றாகவே பிடித்துக்கொண்டது போல.

"இதுல எது காயம், எது மருதாணின்னு எனக்கே தெரியலம்மா. இனிமே வலிதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ஊசியால் ஒவ்வொரு இடமாகக் குத்தினார். வலித்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. ரத்தம் துளிர்த்தால் தோல் உயிரோடு இருக்கிறது. உள்ளங்கையில் குத்தியபோது உயிர் போய் உயிர் வந்தது. நல்லது என்றார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் கத்தினேன். எல்லாவற்றுக்கும் நல்லது என்றார். மோதிரவிரலில் ஒன்றுமில்லை. சுண்டுவிரலிலும் ஒன்றுமில்லை. வேறு யாருடைய விரலையோ குத்துவதை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. டாக்டர் நல்லது என்று சொல்லவில்லை. வீக்கத்தினாலும் இப்படி இருக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

அதற்குப் பின் வந்த பகல்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. வலி ஊசி போட்டதும் கட்டில் மெல்ல நகரத் தொடங்கும். ஜன்னலுக்கு வெளியே மஞ்சக்குப்பம் மைதானம். மழை விட்ட நேரத்தில் அங்கே யாரோ மிதிவண்டி பழகுவார்கள். சுற்றிச் சுற்றி வருகிற அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியே கடல் வந்துவிடும். கடல் பூராவும் சவுக்கார நுரை. அதில் மச்சானுடைய கப்பல் வருகிறது. நான் கையசைக்கிறேன். இரண்டு விரல் மட்டும் அசையாமல் நிற்கிறது. யாரந்தப் பொம்பளை என்று மச்சான் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்கிறார். விழித்துக்கொண்டால் மாமி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

அதுதான் பெரிய சோதனை. இடதுகையால் சாப்பிடுவது எங்களில் ஆகாது. மூன்று வேளையும் மாமிதான் ஊட்டினார். ரேஷன் அரிசியில் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, ரசத்தில் குழைத்து, ஆறிவிட்டதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஊட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறப்பேன். பேச்சு கிடையாது. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. மருதாணிக் கறை அவருடைய உள்ளங்கையிலும் செக்கச்செவேல் என்று இருந்தது. கண்ணைத் திறந்தால் அதைப் பார்க்க வேண்டும்.

சலீம் தினமும் சாயங்காலம் வறுத்த கடலையும் ஒரு செய்தியும் கொண்டுவருவான். பினாங்குக்குத் தந்தி அடிக்கவா என்று மூன்று தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். விரல் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாதபோது தந்தியில் என்னவென்று அடிப்பது?

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை என்று ஒருத்தி, பெண்ணாடத்துக்காரி. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் கால் வழுக்கி, முழங்கால் வரை வெந்தவள். வலி அவளை விட்டதே இல்லை. எனக்கு வலிக்காத விரல் இருப்பதைக் கேட்டு முதலில் அவளுக்குப் பொறாமை. "நீ புண்ணியம் பண்ணவ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கடலையில் பங்கு கொடுக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு விரலிலும் மாற்றமில்லை. ஒரு புதன்கிழமை டாக்டர் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினாலே நல்ல சேதி இல்லை என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை குத்திப் பார்ப்பதாகச் சொன்னார். அப்போதும் வலியும் ரத்தமும் இல்லையென்றால் இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும். செத்த விரலை விட்டுவைத்தால் சீழ் கைக்கு ஏறும், அப்புறம் கையையே கேட்கும். எழுதலாம், தைக்கலாம், பழகிக்கொள்ளலாம் என்றெல்லாம் ஆறுதலாகச் சொன்னார். நான் இடதுகையைச் சோறு அள்ளுகிற மாதிரிக் குவித்து, இரண்டு விரலை மட்டும் நிமிர்த்திப் பார்த்தேன். ரசம் ஒழுகிவிடும். எனக்கு அழுகை வந்தது. இருபத்து மூன்று வயசு எனக்கு. அந்த விரல்கள் எனக்கு வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாமி என் கட்டிலடியில் முசல்லாப் பாயை மடிக்காமலே உட்கார்ந்து கையேந்தினார். வழக்கமாக மனசுக்குள் கேட்பவர் அன்றைக்கு வாய்விட்டே கேட்டார்.

"யா அல்லா, எம்புள்ளைக்கு வலியக் குடு. ரெண்டு வெரல்லயும் குடு. துடிக்கத் துடிக்கக் குடு."

வார்டே திரும்பிப் பார்த்தது. அஞ்சலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா, நீயெல்லாம் மாமியாளா? மருமவளுக்கு நோவு குடுன்னா சாமிகிட்ட கேப்பே?" என்றாள்.

மாமி ஏந்திய கையை இறக்காமலே அவள் பக்கம் திரும்பினார். "நான் பூசுன மருதாணிதான் டாக்டர் கண்ண மறைச்சிருச்சு. இனிமே வலி வந்தாதான் வெரல் தங்கும். வேற என்னாத்தக் கேக்கச் சொல்றே?"

அஞ்சலை மறுபடி படுத்துக்கொண்டாள். பிறகு, தன் கால் வலியில் பாதியை எனக்குக் கொடுத்துவிடும்படி அவளுடைய மாரியம்மனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தனக்கும் லாபம், எனக்கும் லாபம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். மாமி அஸர் தொழுகை வரை அதே இடத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வலி ஊசி போட சிஸ்டர் வந்தபோது மாமி குறுக்கே நின்றுகொண்டு வேண்டாம் என்று தகராறு செய்தார். ஊசி வலியைக் கொன்றுவிட்டால் துஆ எப்படிப் பலிக்கும் என்பது அவர் கட்சி. வலியை மறைக்குமே தவிர வருகிற உயிரைத் தடுக்காது என்று சிஸ்டர் கால் மணி நேரம் விளக்கிய பிறகுதான் வழிவிட்டார்.

நான் வேறொரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். பொய் சொல்வது என்று. குத்தினால் கத்திவிட வேண்டியது, அவ்வளவுதானே? வெள்ளிக்கிழமை காலை தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மாமியும் சலீமும் கதவுக்கு வெளியே நின்றார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மூடினேன். மோதிரவிரலை அவர் பிடிப்பது என் தோள் அசைந்ததில் தெரிந்தது.

"அய்யோ, வலிக்குது" என்றேன்.

"நான் இன்னும் குத்தலையேம்மா" என்றார்.

வெட்கத்தில் கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணோரம் தண்ணீர் மட்டும் காதுக்குள் ஓடிற்று. சிஸ்டர் அதைத் துடைத்துவிட்டார். டாக்டர் கோபப்படவில்லை. பொய் சொன்னால் செத்த விரல் உங்கள் கையைத் தின்றுவிடும், இனி உள்ளதை மட்டும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மோதிரவிரல் நுனி, இல்லை. கொஞ்சம் கீழே, இல்லை. நடுக்கணு, இல்லை. அதற்குக் கீழே ஏதோ எறும்பு ஊர்ந்தது. இன்னும் கீழே நன்றாகவே வலித்தது. பிறகு என் தோள் மறுபடி ஒருமுறை அசைந்தது. திடீரென்று எங்கிருந்தோ ஒரு வலி வந்தது. உச்சந்தலை வரை ஏறியது. அல்லாவே என்று கத்திக்கொண்டு கண்ணைத் திறந்தேன். மருதாணிச் சிவப்பில் கருத்துக் கிடந்த சுண்டுவிரலின் மேல் வேறொரு சிவப்பாக ஒரு சொட்டு நின்றது.

"சுண்டுவெரல் உங்களுது. மோதிரவெரல்ல பாதி உங்களுது" என்றார் டாக்டர்.

செத்த பாதியை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவிக் கையில் ஒட்ட வேண்டும் என்று விளக்கினார். கதவைத் திறந்து சலீமிடம் கையெழுத்து வாங்கினார்கள். திறந்த கதவு வழியே மாமியைப் பார்த்தேன். என் கத்தல் வெளியே வரை கேட்டிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாதி விரல் போகிற சேதியை அவருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஈதர் வாசனை வந்தது. நான் தண்ணீருக்குள் போய்விட்டேன்.

விழித்தபோது வார்டு. ஈதரின் குமட்டல் தொண்டையில் நின்றது. அதற்குப் பின்னாலேயே வலியும் வந்தது. கையில் வலி, தோல் சீவிய தொடையில் வலி, இல்லாத அரை விரலிலும் வலி. இத்தனை நாள் சும்மா கிடந்த சுண்டுவிரல் வட்டியும் முதலுமாகக் கொடுத்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. வாய்விட்டு அலறினேன். அஞ்சலை, சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமி கட்டிலோரம் நின்றிருந்தார். பாதி விரல் சேதி அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைத் தொடவும் பயந்து, விலகவும் மனமில்லாமல், மருதாணிக் கறை படிந்த இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துவைத்திருந்தார். பத்து நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையால் சாப்பிட்டவள் நான். அன்றைக்குத்தான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்கு ஊட்டிய அளவுக்கு அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

"மாமி" என்றேன்.

அவர் பதறிக் குனிந்தார்.

"நீங்க கேட்டது கெடச்சிருச்சு மாமி. போதும்னு சொல்லுங்க."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பிறகு மறைத்து வைத்திருந்த இரண்டு கையையும் வெளியே எடுத்து என் தலைமாட்டில் நின்றபடியே ஏந்தினார்.